பிரிட்டனுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டு சென்றவர் யார்?

இங்கிலாந்துக்குக் கிறிஸ்தவ சமயம் எப்போது வந்தது என்று கேட்டால், அந்நாட்டு வரலாற்றைப் பாடமாகப் படித்தவர்கள் கி.பி. 597 என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். போப் முதலாம் கிரகரி அனுப்பிய அகஸ்தீன் என்ற துறவி, சுமார் 40 துணைவர்களுடன் கெண்ட் கரையில் வந்து இறங்கிய ஆண்டு அது. (தத்துவ நூல்கள் எழுதிய ஆப்பிரிக்கத் துறவி அகஸ்தீன் வேறு, அவர் இவருக்கு ஏறக்குறைய 170 ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார்.) ரோமாபுரிச் சந்தையில் விலைக்கு நின்ற வெளுத்த நிறச் சிறுவர்களைக் கிரகரி பார்த்ததும், ஆங்கிலர் என்ற இனப் பெயரைத் தேவதூதர் என்ற சொல்லோடு இணைத்துச் சிலேடை பேசியதும் அந்தப் பாடத்தில் தவறாமல் இடம்பெறும்.

இந்த விடை தவறன்று. ஆனால் பாதி விடைதான். அகஸ்தீன் சமயம் போதிக்க வந்தது ஆங்கிலேயர்களுக்கு. அவர்களோ அந்தத் தீவில் குடியேறி ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அவர்களுக்கு முன்பே தீவு முழுவதும் வாழ்ந்தவர்கள் பிரித்தோனியர்கள். இன்றைய வேல்ஸ் மக்களின் முன்னோர் இவர்களே. அகஸ்தீன் கரையிறங்கியபோது இந்தப் பிரித்தோனியர்களிடம் ஆயர்கள் இருந்தனர், மடங்கள் இருந்தன, வேத நூல் கற்ற அறிஞர்களும் இருந்தனர். கெண்ட் அரசன் எத்தல்பர்ட்டின் மனைவி பெர்த்தா பிராங்கிய நாட்டு இளவரசி. அவரும் ஏற்கெனவே கிறிஸ்தவர். கேன்டர்பரி நகருக்கு வெளியே அவர் வழிபட்டு வந்த தேவாலயம் ரோமானியர் காலத்தில் கட்டப்பட்டது என்று 731ஆம் ஆண்டில் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த துறவி பீடு குறிப்பிடுகிறார்.

அப்படியானால் பிரித்தோனியர்களுக்கு இந்தச் சமயத்தைக் கொண்டு வந்தது யார்? கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக இதற்காக மனிதர்கள் சண்டையிட்டிருக்கிறார்கள், ஆவணங்களைப் போலியாக எழுதியிருக்கிறார்கள். காரணம், யார் கொண்டு வந்தார் என்ற கேள்விக்குள் யாருக்கு யார் பணிய வேண்டும் என்ற கேள்வி மறைந்திருந்தது.

எழுந்து நிற்காத அகஸ்தீன்

இதைப் புரிந்துகொள்ள 603ஆம் ஆண்டுவாக்கில் நடந்த ஒரு சந்திப்பைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஆயர்கள் அனைவரையும் உம் பொறுப்பில் ஒப்படைக்கிறோம் என்று கிரகரி அகஸ்தீனுக்கு எழுதியிருந்தார். அந்த அதிகாரத்தோடு அகஸ்தீன் பிரித்தோனிய ஆயர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். சந்திப்பு நடந்த இடத்தைப் பீடு காலத்து மக்கள் 'அகஸ்தீனின் ஓக் மரம்' என்றே அழைத்தனர்.

முதல் சுற்றில் முடிவு எட்டவில்லை. இரண்டாம் சுற்றுக்கு ஏழு ஆயர்களும், பேங்கர் மடத்திலிருந்து பல அறிஞர்களும் புறப்பட்டனர். வழியில் தனிமையில் தவவாழ்வு நடத்திய ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டனர். அவர் எளிய சோதனை ஒன்றைச் சொன்னார். அகஸ்தீன் முதலில் வந்து அமரட்டும். நீங்கள் பின்னால் செல்லுங்கள். உங்களைக் கண்டு அவர் எழுந்து நின்றால் அவர் பணிவுள்ளவர், அவர் சொல்வதைக் கேளுங்கள். எழாவிட்டால் உங்களை அவர் மதிக்கவில்லை என்று பொருள், நீங்களும் அவரை மதிக்க வேண்டாம்.

அகஸ்தீன் எழவில்லை. நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார்.

அவர் கேட்டது மூன்று. ஈஸ்டர் பெருநாளை ரோமாபுரி கணக்கிடும் நாளில் கொண்டாட வேண்டும். ஞானஸ்நானத்தை ரோமாபுரி முறைப்படி கொடுக்க வேண்டும். ஆங்கிலேயர்களுக்குப் போதிப்பதில் தம்மோடு சேர வேண்டும். கடைசிக் கோரிக்கைதான் கசப்பானது. தங்கள் நிலத்தைப் பறித்து, தங்களை மேற்கே விரட்டியவர்களின் ஆன்மாவைக் காப்பாற்ற வாருங்கள் என்றால் எந்த மக்களுக்கு மனம் வரும்? இப்போதே எழுந்து மரியாதை செய்யாதவர், நாம் அடங்கிவிட்டால் நம்மைத் துச்சமாக அல்லவா நினைப்பார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு மூன்றையும் மறுத்தார்கள். சகோதரர்களோடு சமாதானத்தை ஏற்காவிட்டால் பகைவர்களிடமிருந்து போர் வரும் என்று அகஸ்தீன் எச்சரித்ததாகப் பீடு எழுதுகிறார்.

சில ஆண்டுகள் கழித்து, 616ஆம் ஆண்டுவாக்கில், நார்தம்பிரியாவின் ஆங்கிலேய மன்னன் எத்தல்பிரித் செஸ்டர் நகரருகே பிரித்தோனியப் படையோடு மோதினான். பக்கத்தில் நின்று பிரார்த்தித்துக்கொண்டிருந்த பேங்கர் துறவிகளைப் பார்த்து, ஆயுதம் இல்லாவிட்டாலும் இவர்கள் நமக்கு எதிராகத்தான் போரிடுகிறார்கள் என்று சொல்லி முதலில் அவர்களையே வெட்டச் சொன்னான். பீடு தரும் கணக்கின்படி மாண்டவர்கள் சுமார் 1,200 பேர், தப்பியவர்கள் 50 பேர். இத்தனைக்கும் எத்தல்பிரித் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் ஆங்கிலேயரான பீடு இந்தக் கொலையை அகஸ்தீனின் வாக்கு பலித்ததாகவே எழுதி வைத்தார். பிற விஷயங்களில் நிதானமும் நேர்மையும் உள்ள அந்த வரலாற்றாசிரியரின் நூலில் இது மனம் உறுத்தும் பக்கம்.

பிரித்தோனியரின் ஈஸ்டர் கணக்கு வேறாக இருந்ததை வைத்து, அவர்களுக்குச் சமயம் ரோமாபுரியிலிருந்து வரவில்லை, கிழக்கு நாடுகளிலிருந்து நேராக வந்தது என்று பிற்காலத்தில் பலர் வாதிட்டனர். அந்த வாதம் நிற்காது. பிரித்தோனியர் பின்பற்றியது 84 ஆண்டுச் சுழற்சிக் கணக்கு. அது மேற்கு நாடுகளில் முன்பு வழங்கிய பழைய முறை. ரோமாபுரி அதை மாற்றிக்கொண்டது. கடலுக்கு அப்பால் துண்டிக்கப்பட்டுக் கிடந்தவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. தாய்வீட்டில் வழக்கொழிந்த பழக்கத்தைத் தூரத்துக் கிளை காப்பாற்றி வைத்திருப்பது உலகில் எங்கும் நடப்பதுதான்.

கடிதம் எழுதிய அரசன்

பழைய சான்றுகள் என்னதான் சொல்கின்றன? ஆறாம் நூற்றாண்டுப் பிரித்தோனியத் துறவி கில்டாஸ், பனியில் உறைந்த தீவுக்குக் கிறிஸ்துவின் ஒளி கிடைத்ததைப் பேசும் இடத்தில் ரோமாபுரிப் பேரரசர் திபேரியஸின் பெயரைக் குறிப்பிடுகிறார். திபேரியஸ் இறந்தது கி.பி. 37. ஆகவே இயேசு மறைந்த சில ஆண்டுகளிலேயே பிரிட்டன் கிறிஸ்தவத்தை ஏற்றது என்று சிலர் முடிவு கட்டினர். ஆனால் ரோமானியப் படை பிரிட்டனைப் பிடிக்கக் கடல் கடந்ததே கி.பி. 43இல்தான். கில்டாஸின் லத்தீன் வாக்கியம் நீளமானது, சிக்கலானது. உலகில் கிறிஸ்துவின் ஒளி தோன்றிய காலத்தையே அவர் திபேரியஸ் காலம் என்கிறார், தீவை அது எட்டியது பிறகுதான் என்று படிப்பதே பொருத்தம்.

அடுத்து வருவது லூசியஸ் மன்னன் கதை. பிரிட்டனின் அரசன் லூசியஸ், போப் எலூத்தேரியஸுக்குக் கடிதம் எழுதித் தன்னைக் கிறிஸ்தவனாக்கும்படி வேண்டினான் என்று பீடு எழுதுகிறார். எலூத்தேரியஸின் காலம் 174க்கும் 189க்கும் இடைப்பட்டது. இந்தச் செய்தி பீடுக்குக் கிடைத்தது, ஆறாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் தொகுக்கப்பட்ட போப்பாண்டவர்கள் வரலாற்று நூலில் உள்ள ஒரே ஒரு வரியிலிருந்து. அதற்கு முன் எவரும் இவனைப் பற்றிப் பேசவில்லை. பிரித்தோனியரான கில்டாஸுக்கே தெரியவில்லை. ஏறக்குறைய 180ஆம் ஆண்டில் லியோன் நகர ஆயர் இரேனேயு, கிறிஸ்தவம் பரவிய நாடுகளை வரிசையாகச் சொல்லும்போது ஜெர்மனியும் ஸ்பெயினும் கால் நாடும் வருகின்றன, பிரிட்டன் வரவில்லை. பக்கத்து நாட்டில் ஓர் அரசனே மதம் மாறியிருந்தால் அவர் அதை விட்டிருப்பாரா?

1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் வான் ஹார்னாக் சுவையான விளக்கம் ஒன்றைத் தந்தார். இன்றைய துருக்கியில் உள்ள உர்ஃபா நகரின் பழைய பெயர் எடெஸ்ஸா. அதை ஆண்ட அப்கார் மன்னனின் பெயர்களில் லூசியஸும் ஒன்று. எடெஸ்ஸாவின் கோட்டைக்குப் பிர்த்தா என்று பெயர். அந்தப் பிர்த்தாவை ஏதோ ஓர் எழுத்தர் பிரிட்டன் என்று தவறாக நகலெடுத்துவிட்டார் என்பது ஹார்னாக்கின் கருத்து. நூறாண்டுகள் பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டனர். 2008இல் டேவிட் நைட் என்ற ஆய்வாளர், அப்கார் மன்னனைப் பிர்த்தாவின் லூசியஸ் என்று எவரும் அழைத்ததில்லை, ஹார்னாக்கின் விளக்கத்துக்கும் ஆதாரம் போதாது என்று மறுத்து ஒரு நூல் வெளியிட்டார். ஹார்னாக் தோற்றாலும் லூசியஸ் வென்றதாக ஆகாது. அவனைப் பற்றிய வரி அப்போதும் ஒரு வரிதான்.

நகலெடுப்பவரின் ஓர் எழுத்து எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. 883ஆம் ஆண்டில் ஆல்பிரட் மன்னர், சிகெல்ம் என்பவரைக் காணிக்கையோடு ரோமாபுரிக்கும், அங்கிருந்து இந்தியாவில் உள்ள புனித தோமாவின் தலத்துக்கும் அனுப்பினார் என ஆங்கிலோ-சாக்சன் காலக் குறிப்பேடு சொல்கிறது. மயிலாப்பூரைத் தோமாவின் தலமாகக் கருதுவோர் இதைப் பெருமையாகக் காட்டுவதுண்டு. ஆனால் அதே குறிப்பேட்டின் வேறு சில கையெழுத்துப் பிரதிகளில் இந்தியா என்ற இடத்தில் யூதேயா என்று இருக்கிறது. எது சரி என்ற விவாதம் நீடிக்கிறது.

லூசியஸ் கதையின் உண்மையான வரலாறு, அவன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பின்னால்தான் சூடுபிடிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் எவரோ ஒருவர், போப் எலூத்தேரியஸ் லூசியஸுக்கு எழுதிய பதில் என்று ஒரு போலிக் கடிதத்தைத் தயாரித்தார். உமது நாட்டில் கடவுளின் பிரதிநிதி நீரே என்று அதில் போப் அரசனுக்குச் சொல்கிறார். 1530வாக்கில் ரோமாபுரியோடு மோதிக்கொண்டிருந்த எட்டாம் ஹென்றியின் அறிஞர்கள் அவருக்காகத் தொகுத்த ஆதாரக் கோவையில் இந்தக் கடிதத்தையும் சேர்த்தார்கள். போப்பே ஒப்புக்கொண்டுவிட்டார், இங்கிலாந்தின் திருச்சபைக்கு அரசரே தலைவர் என்பது வாதம். மறுபக்கம் கத்தோலிக்க எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1603இல் ராபர்ட் பார்சன்ஸ் என்ற இயேசு சபைக் குரு வெளியிட்ட நூலில் அதே லூசியஸ் வருகிறான், ரோமாபுரியிடம் விண்ணப்பித்தே பிரிட்டன் கிறிஸ்தவமானது என்று நிரூபிக்க. இருந்தானா என்றே தெரியாத ஓர் அரசன் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொன்ன விந்தை இது.

எரிந்த மடமும் எழுந்த கதையும்

இன்னொரு கதை இதைவிடப் புகழ் பெற்றது. சிலுவையிலிருந்து இயேசுவின் உடலைக் கேட்டுப் பெற்று அடக்கம் செய்தவராக விவிலியம் கூறும் அரிமத்தியா யோசேப்பு, 12 பேருடன் கி.பி. 63இல் பிரிட்டனுக்கு வந்து கிளாஸ்டன்பரியில் முதல் தேவாலயத்தைக் கட்டினார் என்பது அது.

கிளாஸ்டன்பரி மடத்தின் பழைமையைப் பற்றி வில்லியம் என்ற மாம்ஸ்பரி மடத்துத் துறவி 1130வாக்கில் ஒரு நூல் எழுதினார். கவனமானவர். அவர் எழுதிய மூலத்தில் யோசேப்பு இல்லை. 1184 மே மாதம் அந்த மடம் தீப்பற்றி எரிந்தது. பழைய தேவாலயமும் அதன் புனிதப் பொருள்களும் அழிந்தன. கட்டுமானத்துக்கு உதவிய இரண்டாம் ஹென்றி 1189இல் இறந்தார், பணவரவு குறைந்தது. 1191இல், மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஆர்தர் மன்னனின் எலும்புகள் 'கிடைத்தன'. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகலெடுக்கப்பட்ட வில்லியமின் நூலில் யோசேப்பும் வந்து சேர்ந்துவிட்டார்! யாத்திரிகர் கூட்டம் வேண்டிய ஒரு மடத்துக்கு இவை எவ்வளவு உதவியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கதை அங்கேயே நின்றிருந்தால் உள்ளூர்த் தலபுராணமாக இருந்திருக்கும். ஆனால் 1417இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் இங்கிலாந்துக்குத் தனி நாடு என்ற முறையில் வாக்குரிமை கூடாது என்று பிரெஞ்சுக்காரர்கள் எதிர்த்தபோது, ஆங்கிலேயப் பிரதிநிதிகள் யோசேப்பை எடுத்து வைத்தார்கள். பிரான்சுக்குச் சமயம் வருவதற்கு முன்பே எங்களுக்கு வந்துவிட்டது என்றார்கள். 1434இல் பாசல் பொதுச்சங்கத்தில் எந்த நாட்டவர் எந்த இருக்கையில் அமர்வது என்று ஸ்பானியரோடு தகராறு வந்தபோதும் யோசேப்பே துணைக்கு வந்தார். 603இல் நாற்காலியிலிருந்து எழாததால் தொடங்கிய பிணக்கு, 800 ஆண்டுகள் கழிந்தும் நாற்காலிச் சண்டையாகவே தொடர்ந்தது.

ரோமாபுரியிலிருந்து பிரிந்த பிறகு யோசேப்பின் மதிப்பு மேலும் உயர்ந்தது. போப் அனுப்பாமலே வந்தவர் அல்லவா! கேன்டர்பரிப் பேராயர் மேத்யூ பார்க்கர் 1572இல் அச்சிட்ட பிரிட்டன் திருச்சபையின் வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கதையை வளர்த்த கிளாஸ்டன்பரி மடத்தை 1539இலேயே ஹென்றி மூடிவிட்டார். வயது முதிர்ந்த மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங் ஊருக்கு வெளியே உள்ள குன்றின் மீது தூக்கிலிடப்பட்டார்.

2015இல் ரெடிங் பல்கலைக்கழகம், 20ஆம் நூற்றாண்டில் அந்த மடத்தில் நடந்த அகழாய்வுகளை மறு ஆய்வு செய்து முடிவுகளை வெளியிட்டது. ஆர்தரின் புதைகுழி என்று காட்டப்பட்டது வெறும் பள்ளம். அதே ஆய்வில் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச் சாடிகளின் ஓடுகளும் அடையாளம் காணப்பட்டன. துறவிகள் கற்பனை செய்த அளவுக்கு இல்லாவிட்டாலும் அந்த இடம் பழையதுதான்.

பெயரில்லாதவர்கள் கொண்டு வந்தது

கதைகளைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது என்ன? 200ஆம் ஆண்டுவாக்கில் கார்த்தேஜ் நகரின் தெர்துல்லியன், ரோமானியப் படை எட்டாத பிரித்தோனியப் பகுதிகளும் கிறிஸ்துவுக்குப் பணிந்துவிட்டன என்று எழுதினார். வாதத் திறமை மிக்கவர், மிகைப்படுத்தவும் தயங்காதவர். ஆனாலும் பிரிட்டனில் கிறிஸ்தவர் எவருமே இல்லையென்றால் அப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார். 314இல் பிரான்சின் ஆர்ல் நகரில் கூடிய சங்கத்தில் யார்க் நகர ஆயர் எபோரியஸ், லண்டன் ஆயர் ரெஸ்தித்தூத்தஸ், அதெல்பியஸ் என்ற மூவர் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்டனர். அகஸ்தீன் வருவதற்கு 283 ஆண்டுகள் முன்பு இது. உறுதியாகக் காலம் சொல்லக்கூடிய முதல் ஆவணமும் இதுவே.

359இல் ரிமினி நகரில் 400க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடியபோது, பேரரசர் அளித்த பயணப்படியை மேற்கு நாட்டு ஆயர்கள் பலரும் மறுத்தனர். பிரிட்டனிலிருந்து வந்த மூன்று ஆயர்கள் மட்டும் கைச்செலவுக்கு வழியில்லாமல் அதைப் பெற்றுக்கொண்டார்கள். மற்றவர்களின் தயவில் இருப்பதைவிட அரசாங்கக் காசு மேல் என்று நினைத்தார்களாம்.

தியாகி அல்பனின் வரலாற்றிலும் கதை கலந்திருக்கிறது. தப்பி வந்த ஒரு குருவுக்கு அடைக்கலம் கொடுத்து, அவருடைய மேலங்கியைத் தாம் அணிந்துகொண்டு அவருக்குப் பதிலாக வெட்டுண்டவர் அல்பன். ஆண்டு 209 என்பார் உண்டு, 304 என்பாரும் உண்டு. அவருடைய கல்லறை 429ஆம் ஆண்டிலேயே புனிதத் தலமாக இருந்தது என்பது மட்டும் உறுதி. காப்பாற்றப்பட்ட குருவுக்குப் பழைய நூல்களில் பெயரே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி என்ற கதாசிரியர் அவருக்கு அம்பிபாலஸ் என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லுக்குப் பொருள் மேலங்கி! அதே நூற்றாண்டில் அந்த 'மேலங்கியின்' எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டு வணங்கப்பட்டன.

மண்ணுக்கடியில் கிடைத்தவை இவற்றைவிட நம்பகமானவை. 1975இல் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில் நான்காம் நூற்றாண்டின் வெள்ளிக் கிண்ணங்களும் தகடுகளும் கிடைத்தன. இன்னோசென்ஷியா, விவென்ஷியா, பப்ளியானஸ் என்று காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. கிறிஸ்து என்ற பெயரின் முதலிரு கிரேக்க எழுத்துகளை இணைத்த சின்னம் அந்தத் தகடுகளில் இருக்கிறது. தகட்டின் வடிவமோ பழைய தெய்வங்களின் கோயில்களில் நேர்த்திக்கடனாகப் பதித்த அதே வடிவம். 1963இல் டார்செட்டில் ஹின்டன் செயின்ட் மேரியில் ஒரு வீட்டின் தரைச் சித்திரம் கிடைத்தது. நடுவில் அதே சின்னத்துடன் ஒரு முகம். பக்கத்து அறைப் பகுதியில் குதிரை மேலிருந்து அரக்க விலங்கைக் குத்தும் கிரேக்க வீரன். அந்த முகம் இயேசுவா, பேரரசரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இவர்களுக்கெல்லாம் சமயத்தைச் சொன்னவர்கள் படைவீரர்களாக, வணிகர்களாக, எங்கிருந்தோ கொண்டுவரப்பட்ட அடிமைகளாக இருந்திருக்க வேண்டும். துறைமுகத்திலும் பாசறையிலும் பேச்சோடு பேச்சாகப் பரவியதற்குக் கடிதம் ஏது, தேதி ஏது? அவர்களின் பெயரில் எந்த மடமும் உரிமை கோரவில்லை. கோரியிருந்தாலும் ஓர் இருக்கைகூடக் கிடைத்திருக்காது.

1979-80இல் பாத் நகரின் வெந்நீர் ஊற்றில் நடந்த அகழாய்வில் ஈயத் தகடுகள் பல கிடைத்தன. திருட்டுக் கொடுத்தவர்கள், கள்வனைத் தண்டிக்கும்படி சூலிஸ் என்ற ஊற்றுத் தேவதைக்கு எழுதிப் போட்ட முறையீடுகள் அவை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தகடு, தன் பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசுகளைப் பறிகொடுத்த அன்னியானஸ் என்பவனுடையது. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, பழைய தெய்வங்களைக் கும்பிடுபவரோ கிறிஸ்தவரோ, யாராயிருந்தாலும் விடாதே என்று அவன் வேண்டுகிறான். பின்பக்கத்தில் அவன் சந்தேகப்பட்ட 18 பேரின் பெயர்கள் வரிசையாக உள்ளன. லத்தீன் பெயர்கள், பிரித்தோனியப் பெயர்கள், கலியோப்பிஸ் என்ற கிரேக்கப் பெயர், அந்நியன் என்று பொருள்படும் பெரெக்ரீனஸ். இவர்களில் கிறிஸ்தவர்கள் யார் யார் என்று அவன் குறித்து வைக்கவில்லை.